உப்புக் காத்துல பிள்ளையோட சின்ன வயசுப் பொருள்களை எப்படிப் பாதுகாக்கிறீங்க?

பாம்பன்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன்ல கடலுக்கு ரொம்பக் கிட்டத்துல எங்க வீடு. மகளுக்கு நாலு வயசு நடக்குது. அவ பொறந்ததுல இருந்து சேத்து வச்ச சாமான்களைப் பத்திக் கேக்கணும். ஆஸ்பத்திரியில கையில கட்டுன பேர்ப் பட்டை, வயித்துல இருந்தப்ப எடுத்த ஸ்கேன் படம், முதல் சட்டை, வசம்பு வளையல், எங்க அம்மா போட்ட வெள்ளிக் கொலுசு, தடுப்பூசி அட்டை, அவ கிறுக்குன தாளுங்க. இது போக போன்ல ஆயிரக்கணக்குல போட்டோ.

ஸ்கேன் படம் பாதி வெளுத்துப் போச்சு. கொலுசு கருத்துக் கெடக்கு. எங்க கல்யாண ஆல்பத்தோட சேத்து வச்சிருந்த பிள்ளையோட ஆல்பத்துல வெள்ளையா பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில பீரோவைத் தொறந்தாலே ஒரு ஈர வாடை. மதுரைப் பக்கம் இருக்கவங்க சொல்ற யோசனை எதுவும் இங்க நிக்க மாட்டேங்குது. கடலோரத்துல இருக்கவங்க என்ன செய்றீங்க?

இன்னொண்ணு. "பிள்ளைத் துணியப் பூட்டி வைக்கக் கூடாது, இன்னொரு பிள்ளைக்குக் குடுக்கணும்"னு என் மாமியார் சொல்றாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. எதை வைக்கிறது, எதைக் குடுக்கிறதுன்னு பிடிபடல.

மண்டபம்_ஸ்டுடியோ எழுதியது:

தங்கச்சி, முதல் வேலையா அந்த ஸ்கேன் படத்தை இன்னைக்கே படம் எடுத்துருங்க. மத்ததெல்லாம் ரெண்டு நாள் பொறுக்கும், அது பொறுக்காது. அது போட்டோத் தாளும் இல்லை, மை வச்சு அச்சடிச்சதும் இல்லை. சூடு பட்டா கருக்கிற பூச்சு பூசுன தாள். மெஷின் எங்க சூடு வைக்குதோ அங்க கருப்பா விழும், அவ்வளவுதான். கடை பில்லு, ஏடிஎம் சீட்டு எல்லாம் அதே ரகம். வெயில், வெக்கை, எண்ணெய்க் கை, பிவிசி பிளாஸ்டிக் உறை எல்லாமே அதுக்கு ஆகாது.

முக்கியமா, லேமினேஷன் போட்டுராதீங்க. சூடான உருளைக்குள்ள போன நிமிசமே தாள் முழுக்கக் கருத்துரும். என்கிட்ட அப்படிப் போடச் சொல்லிக் கேட்டு வருவாக. போட மாட்டேன்னு சொல்லி, ஸ்கேனர்ல 600 டிபிஐ வச்சு எடுத்து, போட்டோப் பேப்பர்ல பிரிண்ட் போட்டுக் குடுத்துருவேன். போன்ல எடுக்கிறதா இருந்தா ஜன்னல் வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம, தாளைத் தட்டையா வச்சு நேர் மேல இருந்து எடுங்க. வெளுத்த இடத்தைக் கம்ப்யூட்டர்ல ஓரளவு கருப்பேத்திக்கலாம். சுத்தமா அழிஞ்சதை யாராலயும் கொண்டாற முடியாது.

ஆல்பம் எந்த மாதிரி? பக்கத்துல பிசின் தடவி, மேல பிளாஸ்டிக் தாள் ஒட்டுற ரகமா இருந்தா அந்தப் பிசின் வருசம் போகப் போக மஞ்சளாகி போட்டோவைப் பிடிச்சுக்கும். பிச்சு எடுக்காதீங்க. தையல் நூலை ரெண்டு கையிலயும் விறைப்பா இழுத்துப் பிடிச்சு, போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவுல மெல்ல மெல்ல ஓட்டுனா கழண்டு வரும். மூலையில ஆரம்பிங்க. வரலைன்னா மல்லுக்கட்டாம விட்டுட்டு, பக்கத்தோட சேத்தே ஸ்கேன் பண்ணிருங்க. கண்ணாடிச் சட்டத்துல ஒட்டிக்கிட்ட படமும் அப்படித்தான், கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணணும்.

பூஞ்சையை ஈரத் துணியால துடைச்சா சாயமும் சேந்து வந்துரும். நிழல்ல காத்தாட வச்சு நல்லாக் காஞ்சதும், மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால வெளிப்பக்கமா தட்டி விடுங்க. மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்கங்க, பிள்ளைய பக்கத்துல விடாதீங்க.

உச்சிப்புளி_நர்ஸ் எழுதியது:

நினைவுப் பொருள் வேற, ஆவணம் வேற. ரெண்டையும் ஒரே பெட்டியில போடாதீங்கன்னு சொல்லத்தான் எழுதுறேன். தடுப்பூசி அட்டையை சட்டையோட சேத்து மூட்டை கட்டி பீரோ அடியில வச்சிட்டு, அஞ்சு வயசு ஊசிக்கு வர்றப்ப "அட்டை எங்கேயோ இருக்கு"ன்னு நிக்கிற அம்மாக்களை நிறையப் பாக்குறேன்.

தாய் சேய் நல அட்டை பிள்ளை நடக்க ஆரம்பிச்சதும் முடிஞ்சு போற அட்டை இல்லை. பொறந்ததும் போடுற பி.சி.ஜி. தொடங்கி, ஒண்ணரை, ரெண்டரை, மூணரை மாச ஊசிகள், ஒம்பதாம் மாச தட்டம்மை ரூபெல்லா, ஒண்ணரை வயசு பூஸ்டர், அஞ்சு வயசு, அதுக்கப்புறம் 10 வயசுலயும் 16 வயசுலயும் டி.டி. ஊசி இருக்கு. அதுவரைக்கும் அந்த அட்டை பத்திரமா இருக்கணும். இப்ப யூ-வின்ங்கிற அரசாங்கத் தடுப்பூசித் தளத்துல ஆன்லைன்லயும் பதிவாகுது, ஆனாலும் கையில அட்டை இருக்கிறது தனி. அதுக்குள்ள வளர்ச்சி வரைபடப் பக்கம் ஒண்ணு இருக்கு பாருங்க. அங்கன்வாடியில எடை போட்டுப் புள்ளி வைப்பாங்க. பிள்ளை காய்ச்சல்ல படுத்த மாசம் கோடு இறங்கும், தேறின மாசம் ஏறும். பிள்ளையோட முதல் வரலாறு அந்தக் கோடுதான். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வைங்க.

பிறப்புச் சான்றிதழ்ல பேர் ஏறிடுச்சான்னு பாருங்க. பிறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிடுவாங்க, ஆனா பேர் இல்லாமலே பதிவாகி அப்படியே நின்னுபோன சான்றிதழ்கள் நம்ம பக்கம் நிறைய. ஒரு வருசத்துக்குள்ள கட்டணம் இல்லாமப் பேர் சேக்கலாம், அதுக்கப்புறம் 15 வயசு வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேக்கலாம். 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்த பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டர் லிஸ்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். உங்க மக அதுக்கு முன்னாடிப் பொறந்திருந்தாலும் சரியா வச்சுக்கிறது நல்லது. பிள்ளை ஆதாருக்கு அஞ்சு வயசு ஆனதும் கைரேகை, கண்ணு பதியணும், திரும்ப 15 வயசுல ஒரு தடவை. நாலு முடியப் போகுதுல்ல, ஞாபகம் வச்சுக்கங்க.

இதெல்லாம் ஒரு தண்ணி புகாத பையில, கதவுப் பக்கம் எட்டுற உயரத்துல. துறைமுகத்துல மூணாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துனாலே அந்தப் பை உங்க கைக்கு வந்துடணும். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போறப்ப சட்டை, கொலுசை எல்லாம் தேடிக்கிட்டு இருக்க முடியாது.

தொண்டி_தையல் எழுதியது:

துணிக்கு நான் சொல்றேன்.

எடுத்து வைக்கப் போற துணியை கடைசியா ஒரு தடவை நல்ல தண்ணியில அலசுங்க. போர்த் தண்ணி உப்பா இருந்தா வேணாம், குடிதண்ணியிலயே அலசுங்க. கஞ்சி கூடவே கூடாது. கஞ்சி வாடைக்குத்தான் ராமபாணப் பூச்சி வரும். பால் கக்குன கறை கண்ணுக்குத் தெரியாம இருந்தாலும் ரெண்டு வருசத்துல மஞ்சளா மேல வந்துரும், அதனால கழுத்துப் பட்டியையும் நெஞ்சுப் பக்கத்தையும் நல்லாக் கசக்குங்க. இரும்பு ஊக்கு, கொக்கி இருந்தா பிரிச்சு எடுத்துருங்க. நம்ம காத்துல துரு ஏறி, துணியில ஓட்டை போட்டுரும்.

நல்லாத் துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச வெள்ளை வேட்டித் துணியில சுத்தி வைங்க. செய்தித்தாள் வேணாம், மை ஏறும், தாள் மஞ்சளானா துணியும் மஞ்சளாகும். மடிப்பு ஒரே இடத்துல விழுந்தா அங்க இத்துப் போகும், அதனால வருசத்துக்கு ஒரு தடவை எடுத்து வேற மாதிரி மடிச்சு வைக்கணும். அதுக்கு நம்ம பக்கம் நல்ல நேரம் ஆனி, ஆடி. கச்சான், அதாவது மேற்குப் பக்கக் காத்து, அடிக்கிறப்ப ஈரம் இருக்காது. மண்ணு மட்டும் பறக்கும், ஜன்னலைச் சாத்திட்டு உள்ள விரிச்சுப் போடுங்க. வாடைக் காத்து தொடங்கிட்டா பெட்டியைத் தொறக்கவே வேணாம். இடையில அந்துருண்டை போட்டு வைங்க.

உச்சிப்புளி_நர்ஸ் எழுதியது:

மத்ததெல்லாம் சரி, அந்துருண்டை மட்டும் வேணாம். அதுல இருக்கிற நாப்தலீன் சில பிள்ளைகளுக்கு ரத்த அணுக்களை உடைச்சுவிட்டுரும். ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு பிறவியிலயே சிலருக்கு இருக்கும், வெளியில தெரியாது. அந்துருண்டை போட்ட துணியைப் பச்சைப் பிள்ளைக்கு உடுத்தி மஞ்சள் காமாலை கடுமையா வந்த சம்பவங்கள் மருத்துவத்துல நல்லாத் தெரிஞ்ச விஷயம். இன்னொரு பிள்ளைக்குக் குடுக்கப் போற துணின்னா அந்த வாடையே ஆகாது.

தொண்டி_தையல் எழுதியது:

நல்ல வேளை சொன்னீங்க. அப்ப காஞ்ச வேப்பிலையும் வசம்பும்தான். வசம்பை இடிச்சு சின்ன துணிப்பையில முடிஞ்சு மூலைக்கு ஒண்ணா போடுங்க, துணி மேல நேராப் படாம. வாடை போனதும் மாத்திரணும்.

தங்கச்சிமடம்_கடல் எழுதியது:

மாமியார் சொன்னதைப் பத்தி யாரும் பேசலையே. நான் அவுக பக்கம்.

எங்க வீட்டுல ஒரு ஞானஸ்நானச் சட்டை இருக்கு. வெள்ளைத் துணி, கழுத்துல லேஸ் வச்சது. மூத்த அக்காளுக்குத் தச்சது. அதுக்கப்புறம் எங்க வீட்டுலயும் சித்தப்பா வீட்டுலயும் பொறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதைத்தான் உடுத்திக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாக. சட்டையோட கீழ் மடிப்பை உள்பக்கமா திருப்பிப் பாத்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பேரோட முதல் எழுத்தும் வருசமும் நூலால போட்டிருக்கும். எங்க ஆத்தா போட்ட எழுத்து பச்சை நூலு, ஆத்தா கண்ணு மங்குனதுக்கு அப்புறம் அத்தை போட்டது நீல நூலு. என் மகனோட எழுத்துதான் கடைசி, என் வீட்டுக்காரி போட்டா. ஒரு இடத்துல லேஸ் கிழிஞ்சு ஒட்டுத் தையல் இருக்கு, அது எந்தப் பிள்ளை இழுத்துக் கிழிச்சதுன்னு கூட வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சட்டை பெட்டியில கெடந்திருந்தா யாரு அதைப் பத்திப் பேசப் போறா? கை மாறிக் கை மாறி வந்ததாலதான் அதைத் துவைக்கவும் தைக்கவும் ஆள் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு சட்டையை இப்படி எழுத்துப் போட்டுச் சொந்தத்துக்குள்ள சுத்த விடுங்க. மத்ததைக் குடுத்துருங்க. எங்க தெருவுல பிள்ளைத் துணிக்குத் தவிக்கிற வீடுங்க இருக்கு.

ஞானஸ்நானம் வாங்குன பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். பங்குக் கோயில் பதிவேட்டுல தேதி, அப்பா அம்மா பேரு, ஞானத் தாய் தகப்பன் பேரு எல்லாம் இருக்கும். வீட்டுல தொலைஞ்சாலும் அங்க கேட்டு எழுதி வாங்கலாம்.

பாம்பன்_அம்மா எழுதியது:

அண்ணே, மடிப்புல எழுத்துப் போடுறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மாமியார்கிட்ட வாசிச்சுக் காட்டுனேன். "அவுக ஆத்தா விவரமானவுக"ன்னு சொன்னாங்க. நாத்தனாருக்கு ஆவணியில பிள்ளை பொறக்கப் போகுது. முதல் சட்டை அங்கதான் போகும், நான் எழுத்துப் போட்டு அனுப்புறேன்.

தனுக்கோடி_வேர் எழுதியது:

எங்க அப்பா தனுஷ்கோடியில பொறந்தவங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயலுக்கு அப்புறம் அந்த ஊர்ல வீடுன்னு ஒண்ணு மிஞ்சல. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் அப்படியே கடல் அலையில போச்சு, அதுல இருந்தவங்க யாரும் பிழைக்கல. அப்பா வீட்டுல ஆளுங்க முன்கூட்டியே ராமேஸ்வரம் வந்திருந்ததால உயிர் தப்புனாங்க. சாமான் ஒண்ணும் வரல. அதனால அப்பாவோட சின்ன வயசுப் படம் ஒண்ணு கூட எங்ககிட்ட இல்லை. பொறந்த தேதியே பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப வாத்தியார் பாத்துப் போட்டதுதான். அப்பாவுக்கு நிஜமா எந்த மாசம் பிறந்தநாள்னு அத்தையைக் கேட்டா, "சேதுக்கரைத் திருவிழாவுக்குப் போயிட்டு வந்த வாரம்"னு சொல்லுவாங்க.

அதனால ரெண்டு விஷயம் சொல்லணும்.

எதை வச்சாலும் அதுல ஒரு பிரதி கடலோரத்துல இல்லாத வீட்டுல இருக்கணும். பரமக்குடியிலயோ மதுரையிலயோ சொந்தக்காரங்க இருப்பாங்கள்ல, அங்க ஒரு கவர். 2004 சுனாமியப்ப நம்ம பக்கத்துக்கு இலங்கை மறைவா நின்னதால நாகப்பட்டினம் அளவுக்கு அடி விழல. அதை வச்சு தைரியமா இருந்துரக் கூடாது.

ரெண்டாவது, எழுதாத படம் ரெண்டு தலைமுறையில அனாதையாயிரும். எங்க அத்தைகிட்ட புயலுக்குப் பிந்துன குரூப் போட்டோ ஒண்ணு இருக்கு. அதுல முன்வரிசையில உக்காந்திருக்க பிள்ளைகள்ல ரெண்டு பேரை அடையாளம் சொல்ல இப்ப யாரும் உயிரோட இல்லை. யாரு, எங்க, எப்ப, யாரு எடுத்தது, இந்த நாலையும் படத்துக்குப் பின்னாடி எழுதுங்க. பென்சில்ல எழுதுங்க. பேனா மை தண்ணி பட்டா கரையும், பென்சில் கரியை உப்புத் தண்ணி ஒண்ணும் செய்யாது.

எங்க மகளுக்கு நான் ஒரு நோட்டு போட்டிருக்கேன். அதுல அவளைப் பத்தி மட்டும் இல்லை, அவளைத் தூக்கி வளத்தவங்களைப் பத்தியும் எழுதுறேன். அத்தை பாடுன தாலாட்டை போன்ல பதிஞ்சு, வரியைத் தாள்லயும் எழுதி வச்சேன். மாமன் கொண்டு வர்ற சீர் எல்லாம் வந்து முடிஞ்சு, நடுவுல "தெக்கு வாசல் தண்ணிக்குள்ள"ன்னு ஒரு வரி வரும். அந்த வரி எங்க வீட்டுலதான் இருக்கு. அது எங்க ஊர்.

மண்டபம்_ஸ்டுடியோ எழுதியது:

அண்ணன் சொன்னதோட ஒரு சின்ன சேர்க்கை. பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னாடி பென்சில் நல்லாப் பிடிக்கும். இப்ப லேப்ல வர்ற கலர்ப் படத்தோட முதுகுல பிளாஸ்டிக் பூச்சு, பென்சில் வழுக்கும். சிடியில எழுதுற மார்க்கர்ல ஓரமா எழுதி, நல்லாக் காய விட்டு அடுக்குங்க. பால்பாய்ண்ட்ல அழுத்தி எழுதுனா முன்பக்கம் தடம் விழும்.

புயல்ல ஆல்பம் நனைஞ்சா பதறிக் காய வைக்காதீங்க. பாதி காஞ்சப்பதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். கடல் தண்ணி பட்டிருந்தா, நல்ல தண்ணி ஊத்துன தட்டுல போட்டு மெல்லப் பிரிச்சு, முகம் மேல பாக்க நிழல்ல பரப்புங்க. நிறைய இருந்து உடனே முடியலைன்னா பிளாஸ்டிக் பையில போட்டு ஃப்ரீசர்ல உறைய வைச்சிருங்க, அவகாசம் கிடைக்கும்.

ராமநாதபுரம்_டீச்சர் எழுதியது:

பிள்ளை வரைஞ்ச படங்களைப் பத்தி. எல்லாத்தையும் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஒரு டெர்முக்கு ரெண்டு மூணு எடுத்துட்டு மத்ததை போன்ல படம் பிடிச்சுக்கோங்க. எதை வைக்கணும்னு பிள்ளையையே கேளுங்க, அவங்க எடுக்கிறது நமக்கு ஆச்சரியமா இருக்கும். "இது என்ன"ன்னு கேட்டு, அது சொல்றதை அப்படியே, அதோட பேச்சுலயே, பின்னாடி எழுதுங்க. ஒரு பொண்ணு வட்டம் வட்டமா போட்டுட்டு "எங்க அப்பா வலையில மாட்டுன நிலா"ன்னு சொன்னா. நாம "வட்டங்கள்"னு எழுதியிருந்தா அது வெறும் கிறுக்கல்தான்.

கிரேயான் மெழுகு எதிர்த் தாள்ல ஒட்டும், நடுவுல பட்டர் பேப்பர் வைங்க. ஸ்கெட்ச் பேனா வெளிச்சத்துல வெளுக்கும், சுவத்துல மாட்டுறது நகலா இருக்கட்டும்.

தங்கச்சிமடம்_கடல் எழுதியது:

டீச்சர் சொன்னதும் ஞாபகம் வருது. பிள்ளை உயரத்தைச் சுவத்துல கோடு போட்டுக் குறிக்காதீக. நம்ம சுவரு உப்புப் பூத்து உதிரும், இல்லைன்னா பொங்கலுக்கு வெள்ளையடிச்சிருவோம். நான் வள்ளத்துப் பழைய துடுப்பு ஒண்ணுல கத்தியால கீறி வச்சிருக்கேன், கீறலுக்குப் பக்கத்துல தேதி. ஒரு பக்கம் மகனுக்கு, மறுபக்கம் தம்பி மகளுக்கு. வீடு மாறுனாலும் துடுப்பு கூட வரும். பனஞ்சட்டம் இருந்தாலும் ஆகும்.

கீழக்கரை_ராத்தா எழுதியது:

எல்லாரும் கண்ணால பாக்கிறதையே சொல்றீங்க. குரலைப் பத்தி நான் சொல்றேன்.

எங்க வாப்பா சவூதியில இருந்தாக. போன் பேசுறதெல்லாம் பெரிய செலவு அப்ப. ஊருக்கு வந்து திரும்பிப் போற ஆளுக கையில உம்மா கேசட்டு குடுத்து விடுவாக. பெரிய டேப் ரிக்கார்டரை நடுவுல வச்சு, வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து பேசுவோம். வாப்பாவும் அங்க இருந்து பேசி அனுப்புவாக. அப்படி எங்ககிட்ட ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டு. அதுல எனக்கு நாலஞ்சு வயசு. ஓதப் போன புதுசுல கத்துக்கிட்டதைச் சொல்லிட்டு, நடுவுலயே "வாப்பா எப்ப வருவீக, எனக்கு சிவப்பு செருப்பு"ன்னு கேக்குறேன். பின்னாடி உம்மா சிரிக்கிறது கேக்குது. உம்மா சிரிப்பு இருக்கிற இடம் இப்ப அது ஒண்ணுதான்.

கேசட்டு வச்சிருக்கவங்க செய்ய வேண்டியது. கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும், அதை முதல்ல உடைச்சிருங்க. உடைச்சிட்டா தப்பா ரிக்கார்டு பட்டனை அமுக்குனாலும் அழியாது. கீழ, டேப் ஓடுற இடத்துக்கு நடுவுல தகட்டு மேல கம்பளித் துண்டு ஒண்ணு ஒட்டியிருக்கும். அது விழுந்திருந்தா சத்தம் மந்தமாக் கேக்கும், டேப்பு கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுராதீங்க. ஸ்க்ரூ வச்ச கேசட்டுன்னா கழட்டி, வேற உதவாத கேசட்டுத் துண்டை எடுத்து ஒட்டலாம். பிளேயரோட ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சுக்கிடுங்க. அப்புறம் ஹெட்போன் ஓட்டையில இருந்து வயர் போட்டு லேப்டாப்ல மைக் ஓட்டைக்குக் குடுத்து, ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள்ல பதியலாம். சத்தத்தைக் குறைவா வச்சு ஆரம்பிங்க, கூடுனா கரகரன்னு உடைஞ்சு போகும், பிறகு சரி பண்ண முடியாது. முதல் பிரதியை வேவ் கோப்பாவே வைங்க. எம்பி3 சொந்தக்காரங்களுக்கு அனுப்ப. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உக்காரத்தான் வேணும், வேற குறுக்கு வழி இல்லை.

பிள்ளை பொறந்ததுக்கு நாங்க செய்ற அகீகா பத்தியும் ஒரு வார்த்தை. ஏழாம் நாள் முடி எடுத்து அந்த எடைக்கு வெள்ளியை சதக்காவா, அதாவது தர்மமா, குடுப்போம். முடியை நாங்க வைக்கிறது இல்லை. ஆனா எடை எவ்வளவு, யாருக்குக் குடுத்தோம்னு உம்மா ஒரு டைரியில எழுதி வச்சாக. குடுத்ததுக்கும் ஒரு பதிவு இருக்கலாம்ல.

ஷார்ஜா_காக்கா எழுதியது:

ராத்தா, இப்ப நம்ம நிலைமை வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு. மகன் பேச ஆரம்பிச்சதுல இருந்து அனுப்புனது எல்லாம் போன்ல கெடக்கு. இதை எப்படி வெளியில எடுக்கிறது?

கீழக்கரை_ராத்தா எழுதியது:

அந்தச் சாட்டைத் தொறந்து, ஏற்றுமதி சாட்னு இருக்கும், மீடியாவோட சேத்துன்னு குடுத்தா மொத்தமா ஒரு கோப்பா வரும். ரொம்பப் பழசானது விட்டுப் போகலாம், பிடிச்சதைத் தனித்தனியா அமுக்கி மெயிலுக்கு அனுப்பிக்கிடுங்க. கோப்புப் பேரை மாத்திருங்க, "2024-06-14 முதல் தடவை கடல் பாத்தது" இப்படி. வருசம், மாசம், நாள்னு முன்னாடி போட்டா தானா வரிசையில நிக்கும்.

போட்டோவுக்கும் சேத்துச் சொல்றேன். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படம் சுருங்கிரும், டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன்ல இருந்து அளவில்லாம இலவசம் கிடையாது, 15 ஜிபி தாண்டுனா புதுப் படம் ஏறாம நிக்கும். ரெண்டு வருசம் தொடாத கணக்கை அவங்க அழிக்கவும் செய்யலாம். பிள்ளை பேருல மெயில் தொறந்து எழுதிட்டு மறந்து போறவங்க கவனிச்சுக்கிடணும். மூணு பிரதி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல. ஹார்டு டிஸ்க்கை வருசம் ஒரு தடவையாவது மாட்டி ஓட்டிப் பாருங்க. நம்ம காத்துக்கு யூஎஸ்பி முனையெல்லாம் பச்சை பிடிச்சிருது.

பாம்பன்_அம்மா எழுதியது:

ஸ்கேன் படம் எடுத்தாச்சு, மண்டபம் அண்ணனுக்கு நன்றி. தலையும் மூக்கும் இன்னும் தெரியுது. கொலுசுக்கு யாரும் சொல்லலையே?

தொண்டி_தையல் எழுதியது:

வெள்ளி கருக்கிறது கந்தகத்தாலம்மா. ரப்பர் பேண்டு போட்டுச் சுத்தாதீங்க, கம்பளித் துணி, செய்தித்தாள் எதுவும் வேணாம். பாத்திரத்துல அலுமினியத் தாளை விரிச்சு, சுடுதண்ணியும் ஒரு கரண்டி சமையல் சோடாவும் போட்டு, கொலுசு தாள்ல படுற மாதிரி வைங்க. கருப்பு தானா விட்டுரும். திருநீறு போட்டுத் தேச்சா பளிச்சுன்னு ஆகும், ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி தேயும். பிள்ளைக் கொலுசு மெல்லிசு, பூ வேலை மழுங்கிரும். நல்லாக் காய வச்சு, ஜிப் கவர்ல காத்தை அமுக்கி வெளிய விட்டு மூடி, கூட ஒரு சாக்பீஸ் துண்டு.

வசம்பு வளையலை மட்டும் தனி டப்பாவுல வைங்க, அதுல வண்டு விழும்.

இருமேனி_அப்பா எழுதியது:

தாமதமா வர்றேன். எங்க அக்கா பையன் காது குத்து, பழைய விஎச்எஸ் வீடியோ கேசட்டுல இருக்கு. தாய் மாமன் மடியில அவன் அழுறது, செத்துப் போன எங்க தாத்தா நடந்து வர்றது எல்லாம் அதுல இருக்கு. ஒரு இடத்துல குடுத்து ஆறு மாசமாகியும் மாத்தித் தரல, திருப்பி வாங்கிட்டேன். இனி வாய்ப்பு இருக்கா?

மண்டபம்_ஸ்டுடியோ எழுதியது:

இருக்குண்ணே, ஆனா தள்ளிப் போடாதீங்க. அந்தக் கேசட்டை ஓட்டுற விசிஆர் மெஷின் செஞ்சுக்கிட்டிருந்த கடைசி கம்பெனியும் 2016ல நிறுத்திருச்சு. இப்ப ஓடுறது எல்லாம் பழைய மெஷினு, அதுக்கு ஹெட் கிடைக்கிறது வரவரக் கஷ்டம்.

கேசட்டை எந்த மெஷின்லயும் போட்டுப் பாக்காதீங்க இப்போதைக்கு. ஜன்னல் மாதிரி இருக்கிற கண்ணாடி வழியா உள்ள சுத்தியிருக்க டேப்போட விளிம்பைப் பாருங்க, டார்ச் அடிச்சு. வெள்ளையாவோ சாம்பலாவோ பொடி பூத்த மாதிரி இருந்தா அது பூஞ்சை. அப்படியே ஓட்டுனா டேப்பும் அறுகும், மெஷின் ஹெட்டுலயும் ஏறி அடுத்த கேசட்டுக்கும் தொத்தும். முதல்ல சுத்தம் பண்ணித்தான் ஓட்டணும். பூஞ்சை இல்லைன்னா கேசட்டை நிமித்தி வச்சு, படுக்க வைக்காம, டிவி, ஸ்பீக்கர் பக்கத்துல இல்லாம வைங்க.

டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து இங்க போடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்.